சவரக்கத்திக்குக் கடைசிக் கல்: வாசகர் கேள்விகள்

மடக்குச் சவரக்கத்தியைத் தீட்டும்போது கடைசியாகப் போடும் இயற்கைக் கல்லை (ஃபினிஷிங் கல், நைஸ் கல் என்பதும் இதுவே) பற்றி இராமநாதபுரம் கரையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. மயிரை வெட்டும் விளிம்பை ‘வாய்’ என்றும் எதிர்ப்புறத் தடிப்பை ‘முதுகு’ என்றும் எழுதியிருக்கிறோம். கைப்பிடியை ஒட்டிய பக்கம் அடி, மறுகோடி நுனி. 1000, 5000, 8000 என்பவை செயற்கைக் கல்லின் நம்பர்கள்; நம்பர் கூடக் கூடக் கல் நைஸ்.

பாம்பனிலிருந்து: 1000, 5000, 8000 என்று வரிசையாகத் தேய்த்து, கடைசியில் ஆன்லைனில் வாங்கிய சைனா கல்லில் நூறு தடவை இழுத்தேன். இன்னும் தாடியைப் பிடுங்குகிறது. 12,000 என்று போட்டிருந்தான். கல் டூப்ளிகேட்டா?

கல்லின் மேல் பழி போட வேண்டாம். சீனாவின் குவாங்சி பகுதியில் வெட்டுகிற கரும்சாம்பல் நிறக் கல் அது. நல்ல கல்தான், ஆனால் மந்தம். நூறு இழுப்பில் அது இப்போதுதான் தூக்கம் கலைந்திருக்கும். 12,000 என்பது விற்பவர் வைத்த பெயர். செயற்கைக் கல்லில் பொடியைச் சலித்துச் சேர்ப்பதால் நம்பர் போட முடிகிறது. மலையில் வெட்டிய கல்லுக்கு நம்பர் கிடையாது. பக்கத்துப் பக்கத்துத் துண்டே வேறு மாதிரி இருக்கும்.

உங்கள் சிக்கல் கடைசிக் கல்லில் இல்லை, முதல் கல்லில் இருக்கிறது. ஃபினிஷிங் கல் கூர் ஏற்றாது. ஏறியிருக்கும் கூரை நைசாக்கும், அவ்வளவுதான். இரண்டு பக்கச் சரிவும் ஒரே கோட்டில் முட்டினால்தான் அது வாய். முட்டாத இடத்தில் எந்தக் கல்லைப் போட்டாலும் மொட்டை பளபளக்குமே தவிர வெட்டாது.

சோதிக்க மார்க்கர் பேனா போதும். சரிவின் இரண்டு பக்கமும் மை பூசி, 1000 கல்லில் ஐந்தாறு தடவை மெதுவாக இழுங்கள். வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் செருகும் லென்ஸ் வழியாகப் பாருங்கள். வாயை ஒட்டி முடிபோல மை மிஞ்சியிருந்தால் கல் அங்கே தொடவே இல்லை. இன்னொரு சோதனை: வாயை மேலே திருப்பி விளக்குக்கு நேராகப் பிடித்து, கத்தியை முன்னும் பின்னும் சாயுங்கள். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பித் தராது. எங்கே வெள்ளையாக மின்னுகிறதோ அங்கே மொட்டை. பெரும்பாலும் அடியிலோ நுனியிலோதான் மின்னும், நடுவில் சரியாக இருக்கும். அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

அடி, நடு, நுனி மூன்று இடத்திலும் முன்கை முடி சுலபமாக விழும்வரை 1000 கல்லை விட்டு நகராதீர்கள். அதன்பின் 5000-இல் ஐம்பது, 8000-இல் ஐம்பது போட்டுவிட்டு சைனா கல்லில் வெறும் தண்ணீரோடு நூற்றைம்பது இருநூறு இழுங்கள். அழுத்தம் கூடாது.

முகமே பாதி நோயைச் சொல்லிவிடும். தீட்டிய கையோடு பிடுங்கினால் வாய் கூடவில்லை என்று அர்த்தம், 1000-க்குத் திரும்புங்கள். சுத்தமாக மழித்துவிட்டு எரிந்தால் கூர் இருக்கிறது, நைஸ் போதவில்லை. கடைசிக் கல்லில் இன்னும் நேரம் கொடுங்கள். முதல் இரண்டு இழுப்பு நன்றாக வெட்டிவிட்டு மூன்றாவதில் செத்துப்போனால் வாயில் பிசிறு நின்றிருக்கிறது.

கீழக்கரையிலிருந்து: வாப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்த சவரப் பெட்டியில் ஒரு கல் இருக்கிறது. மேலே இளமஞ்சள், கீழே கறுப்பு. கூடவே விரல் நீளத்துக்கு அதே மஞ்சள் கல்லில் ஒரு சின்னத் துண்டு. எந்தப் பக்கத்தில் தேய்ப்பது? சின்னது எதற்கு?

நீங்கள் சொல்லும் அடையாளம் பெல்ஜியத்து ‘கோட்டிக்யூல்’ கல்லுக்குப் பொருந்துகிறது. ஆர்டென் மலைப் பகுதியில் மெல்லிய படுகைகளாகக் கிடைப்பது. மஞ்சள் படுகை மெலிதாகவே கிடைப்பதால், உடையாமலிருக்க அடியில் ஸ்லேட் பலகையை ஒட்டி விற்பார்கள்; சிலவற்றில் கீழ்ப்பக்கம் இயற்கையாகவே ஒட்டி வளர்ந்த நீலக் கல்லாக இருக்கும். தேய்க்க வேண்டியது மஞ்சளில். அந்தச் சின்னத் துண்டைத் தொலைத்துவிடாதீர்கள். பாதி வித்தை அதில்தான் இருக்கிறது.

இந்தக் கல்லுக்குள் கார்னெட் மணிகள் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. நம் கோமேதகம் சேர்ந்த அதே குடும்பம். மணி ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான், பல முகம் கொண்ட உருண்டை வடிவம். மணல்போலக் கிழிக்காது, ஆழமில்லாமல் சுரண்டும். சின்னத் துண்டால் பெரிய கல்லைத் தேய்த்தால் மணிகள் விடுபட்டுத் தண்ணீரில் கலந்து வெள்ளைப் பால் எழும்பும். பால் கெட்டியாக இருந்தால் கல் வேகமாக வெட்டும், நீர்த்தால் நைசாகும். ஒரே கல்லை இப்படி முரட்டுக் கல்லாகவும் மெருகுக் கல்லாகவும் நடத்தலாம்.

செய்முறை இது. 1000 கல்லில் வாய் கூடியிருக்க வேண்டும். மஞ்சள் பரப்பைக் கழுவி அரை டீஸ்பூன் தண்ணீர் விடுங்கள். ஊறவைக்க வேண்டியதில்லை, இந்தக் கல் தண்ணீர் குடிக்காது. சின்னத் துண்டால் அரை நிமிடம் வட்டமாகத் தேய்த்தால் ஆவின் பால் பதத்துக்கு வரும். சந்தனம் அரைத்த கெட்டிக்குப் போகக் கூடாது. கத்தியைப் படுக்கவைத்து, முதுகும் வாயும் ஒருசேரக் கல்லைத் தொட, வாய் முன்னே போகும்படி தள்ளுங்கள். கல்லின் ஒரு மூலையில் அடியில் தொடங்கி எதிர் மூலையில் நுனியில் முடிய வேண்டும். திருப்பும்போது முதுகின் மேல் உருட்டுங்கள். வாயின் மேல் உருட்டினால் அதுவரை செய்தது போச்சு. போய்வருவது ஒன்று என்று கணக்கு வைத்து நாற்பது.

பால் சாம்பல் நிறமாகும். அது கத்தி கரைந்த எஃகு. நிறமே மாறவில்லை என்றால் நீங்கள் சரிவைத் தொடாமல் வேறெதையோ தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி நீர்க்க வைப்பது. விரலை நனைத்து இரண்டு சொட்டு விடுங்கள், பதினைந்து இழுப்பு. மறுபடி இரண்டு சொட்டு, பதினைந்து இழுப்பு. இப்படி எட்டு முதல் பத்துச் சுற்று, பால் தெளிந்து தண்ணீராகும் வரை. பிறகு கல்லையும் கத்தியையும் கழுவிவிட்டு, வெறும் தண்ணீரில் கத்தியின் எடையே போதும் என்ற கையோடு ஐம்பது.

கெட்டுப்போவது மூன்று இடத்தில். ஒன்று, அவசரம்: இரண்டு சொட்டுக்குப் பதில் ஒரு கரண்டி ஊற்றினால் கெட்டிப் பாலின் கீறல்கள் வாயிலேயே தங்கிவிடும். இரண்டு, கெட்டிப் பாலிலேயே வெகுநேரம் நிற்பது: மிதக்கும் மணிகள் மீது வாய் நேருக்கு நேர் மோதிக்கொண்டே இருப்பதால் ஓர் எல்லைக்கு மேல் கூர் ஏறாது, மழுங்கும். மூன்றாவது நம் ஊருக்கே உரியது, காற்று. கச்சான் வீசும் மாதத்தில் ஜன்னலைத் திறந்துவைத்தோ ஃபேனுக்குக் கீழேயோ உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் பால் சுண்டிக் கெட்டியாகும். நீங்கள் நீர்க்கவைக்கிறீர்கள், காற்று திரும்பக் கெட்டியாக்குகிறது. அந்தக் காற்றோடு வரும் ஒரே ஒரு மணல் பருக்கை கல்லில் விழுந்தால் வாயில் பல் விழும் (விளிம்பில் சில்லு பெயரும்), பிறகு 1000-இலிருந்து தொடங்க வேண்டியதுதான். கதவைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள்.

சரியாகப் போகிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். கடைசித் தண்ணீர்ச் சுற்றில் வாய்க்கு முன்னால் ஓடும் தண்ணீர் கல்லில் ஒதுங்காமல் கத்தியின் மேல் ஏறி வர வேண்டும், அடி முதல் நுனி வரை ஒரே சீராக. ஏறாத இடத்தில் வாய் கல்லோடு சேரவில்லை.

வாலிநோக்கத்திலிருந்து: இவ்வளவு விலை கொடுத்து வெளிநாட்டுக் கல் எதற்கு? வீட்டுச் சமையல் மேடையில் கடப்பா கல் இருக்கிறது. கரையில் பவளப்பாறைத் துண்டு எவ்வளவோ ஒதுங்குகிறது. அதில் தீட்டினால் ஆகாதா?

பவளத்தைத் தொட வேண்டாம். பவளப்பாறைகள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. உங்கள் பக்கத்துக் கடலோரத் தீவுகள் 21-உம் 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. கரையொதுங்கிய துண்டை எடுத்தாலும் வம்புதான். சட்டம் கிடக்கட்டும் என்றாலும் பயனில்லை. பவளம் சுண்ணாம்புச் சத்து, கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் 4-க்குள். பதமேற்றிய எஃகு 6-ஐ ஒட்டி நிற்கிறது. கல்லைத்தான் கத்தி வெட்டும்.

கடப்பா கல்லும் அதே கதை. கறுப்பாக, நைசாக இருப்பதால் ஸ்லேட் என்று நினைக்கிறோம். அது சுண்ணாம்புக் கல், கடினம் 3-ஐச் சுற்றி. ஓர் ஓரத்தைச் சுரண்டி அந்தப் பொடியில் எலுமிச்சைச் சாறு சொட்டினால் நுரைக்கும். பெயர் தெரியாத எந்தப் பழைய கல்லையும் முதலில் இப்படிப் பார்த்துவிடுங்கள். பொங்கி நுரைத்தால் சவரக்கத்திக்கு உதவாது.

கடற்கரை மணலில் குவார்ட்ஸ் உண்டு, தெற்கே போகப் போகக் கார்னெட்டும் உண்டு, இரண்டும் எஃகை வெட்டும் என்று அடுத்த கேள்வி வரும். வெட்டும்தான். ஆனால் மணல் பருக்கை கோட்டிக்யூல் மணியைப்போலப் பத்து இருபது மடங்கு பெரிது. கடினம் மட்டும் போதாது, அளவும் வேண்டும்.

கடப்பா பலகைக்கு வேறொரு நல்ல வேலை இருக்கிறது: கல்லைச் சமன்செய்யும் பீடம். பாலிஷ் போட்ட துண்டின் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் வெளிச்சம் கசியாவிட்டால் சமம். மேலே தண்ணீர் தெளித்து 400 நம்பர் வாட்டர் பேப்பரை ஒட்டுங்கள். தீட்டும் கல்லில் பென்சிலால் கட்டம் போட்டு, எல்லாக் கோடும் அழியும்வரை எட்டு வடிவில் தேயுங்கள். நடுவில் கோடு மிஞ்சினால் கல் குழிந்திருக்கிறது. ஓரங்களைச் சற்று உருட்டிவிடுங்கள். கூரான ஓரம் வாயைக் கடிக்கும். வேலை முடிந்ததும் கல்லை நன்றாகக் கழுவாவிட்டால் பேப்பரிலிருந்து உதிர்ந்த முரட்டுத்தூள் ஒட்டிக்கொண்டு கத்தியைக் கீறும்.

மண்டபத்திலிருந்து: கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. அதில் தேய்க்கலாமா, இல்லை தேங்காய் எண்ணெய் விடலாமா?

இரண்டும் வேண்டாம். உவர் தண்ணீரின் உப்பு வாயில் காய்ந்து துரு வைக்கும். கேன் தண்ணீர், மழைத் தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் மூன்றும் நல்லது. ஒரு முறைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் செலவாகாது. எண்ணெய் என்றால் அமெரிக்க ஆர்கன்சா கல்லுக்கு மட்டும். அதற்கும் தையல் மெஷின் எண்ணெய் சில சொட்டு போதும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் சிக்குப் பிடித்து, கல்லின் பரப்பை அடைத்துக்கொள்ளும். ஜப்பானிய இயற்கைக் கல்லில் எண்ணெய் பட்டால் அந்தக் கல்லைக் கெடுத்ததாகவே கணக்கு. அதை இரவு முழுக்கத் தண்ணீரில் போடுவதும் கூடாது, அடுக்கு அடுக்காக விரிசல் விடும்.

தொண்டியிலிருந்து: முதுகில் டேப் ஒட்டித் தேய்க்கச் சொல்கிறார்களே?

ஒட்டலாம், தப்பில்லை. சவரக்கத்தியில் கோணத்தைக் கை பிடிப்பதில்லை, முதுகின் தடிமன் பிடிக்கிறது. முதுகு 5 மில்லிமீட்டர், முதுகிலிருந்து வாய் வரை 17 மில்லிமீட்டர் என்றால் கோணம் 17 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சுற்று எலக்ட்ரிக் டேப் ஏறக்குறைய ஒரு டிகிரி கூட்டும், முதுகும் தேயாது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: 1000-இல் டேப் போட்டிருந்தால் கடைசிக் கல் வரை டேப் இருக்க வேண்டும். நடுவில் எடுத்தால் கடைசிக் கல் வாயையே தொடாது.

இராமேஸ்வரத்திலிருந்து: அண்ணன் சலூன் வைத்திருக்கிறார். தெருவில் வரும் சாணைக்காரரிடம் பழைய கத்தியைக் கொடுத்துவிட்டு அப்புறம் நைஸ் கல்லில் போட்டால் கடைக்கு ஓட்டலாமா?

சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள். அரிவாளுக்கும் மீன்வெட்டும் கத்திக்கும் அவர் கை நல்ல கை. சவரக்கத்தியின் வாய் பக்கம் காகிதம் மாதிரி மெலிதாகக் குடைந்திருக்கும். உலர்ந்த சக்கரத்தில் ஒரு நொடியில் நீலம் பாய்ந்துவிடும். நீலம் என்றால் சூடு 300 டிகிரியைத் தொட்டுவிட்டது, பதம் போய்விட்டது. பிறகு எந்தக் கல்லாலும் அந்த இடத்தில் கூர் நிற்காது. கிருமி போக்க ஸ்டவ் தீயில் காட்டுவதும் இதே கேடுதான்.

கடைக்கு வேண்டாம் என்பதே எங்கள் பதில். ஒரே கத்தி பல முகத்தில் போனால் மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி பரவும் ஆபத்து உண்டு. ஒருவருக்கு ஒரு பிளேடு என்று மாற்றிப் போடும் கத்தி அதற்காக வந்ததுதான். கல்லில் தீட்டும் கத்தி ஒரு ஆள், ஒரு முகம்.

தேவிபட்டினத்திலிருந்து: தீட்டிய அன்று வெண்ணெய்போல ஓடுகிறது. பத்து நாள் எடுக்காமல் வைத்துவிட்டு எடுத்தால் பிடுங்குகிறது. துரு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

கண்ணுக்குத் தெரியாததுதான் வாயைத் தின்கிறது. வாயின் முனை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெலிது. உடம்பில் புள்ளி விழும் முன்பே உப்பு ஈரம் அங்கே அரித்துவிடும். லென்ஸில் பார்த்தால் கோடு நேராக இல்லாமல் பூச்சி கடித்த இலை ஓரம்போல இருக்கும்.

சவரம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, டிஷ்யூவால் முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக ஒற்றுங்கள், வாயின் நீளத்துக்கு இழுக்காதீர்கள். துணி வாரில் (கத்தியை இழுத்துத் தீட்டும் பட்டை; தோலிலும் உண்டு) பத்து இழுப்பு போட்டால் மிச்ச ஈரமும் போகும். திறந்தபடியே அரை மணி நேரம் வைத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டை விரலில் எடுத்து இரண்டு பக்கமும் பூசுங்கள். கைப்பிடி ஆணியிலும் அரைச் சொட்டு. துரு அங்கிருந்துதான் கிளம்பும். தோல் உறையில் போடாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மூடி இறுகும் டப்பாவில், மருந்துப் புட்டியோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு வையுங்கள். குளியலறை அலமாரி கூடவே கூடாது.

ஏற்கெனவே கடித்திருந்தால் முடிப்புக் கல்லில் தீராது. 8000-இல் முப்பது நாற்பது போட்டு அந்தக் கோட்டைத் தாண்டி எடுத்துவிட்டு, மீண்டும் நைஸ் கல்லுக்கு வாருங்கள்.

ஏர்வாடியிலிருந்து: மச்சான் அமெரிக்காவிலிருந்து கறுப்பு ஆர்கன்சா கல் கொண்டுவந்தார். முதலில் வெட்டியது, இப்போது கண்ணாடிபோல வழுக்குகிறது. தேய்ந்துவிட்டதா?

தேயவில்லை, பழகியிருக்கிறது. அந்தக் கல் ஏறத்தாழ முழுக்க நுண்ணிய குவார்ட்ஸ். பால் விடாது, மணி உதிராது. பரப்பு எவ்வளவு மழமழப்போ அவ்வளவு நைசாகத் தீட்டும். சவரக்கத்திக்கு அந்த வழுக்கல்தான் வேண்டும், 220 பேப்பரில் தேய்த்துக் கெடுத்துவிடாதீர்கள். வேகம் வேண்டுமென்றால் மறுபக்கத்தை முரடாக வைத்துக்கொள்ளுங்கள். இழுப்பு நூறுக்குக் குறையக் கூடாது.

திருப்பாலைக்குடியிலிருந்து: எத்தனை சவரத்துக்கு ஒருமுறை கல்லில் போட வேண்டும்?

எண்ணிக்கை சொல்ல முடியாது, தாடியைப் பொறுத்தது. ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் தோல் வாரில் ஐம்பது. இங்கே முதுகு முன்னே போக வேண்டும், கல்லுக்கு நேர் எதிர். வாரை விறைப்பாகப் பிடியுங்கள், தொய்ந்தால் வாய் உருண்டுவிடும். பிடுங்க ஆரம்பித்தால் முதலில் துணி வாரில் முப்பது, தோலில் அறுபது போட்டுப் பாருங்கள். அதிலும் தீராவிட்டால் ஃபினிஷிங் கல்லில் வெறும் தண்ணீரோடு ஐம்பது. வாயில் பல் விழுந்தாலொழிய 1000 கல்லைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டியதில்லை.